பாசிக்குள் போன கெண்டை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வலது கால் சும்மா இருக்காது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தடுமாறினால் மிதிப்பதற்கென்று அவர் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்துப் பழகி, இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தாலும் பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாலும் அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். டிவியில் யாராவது வேகமாகக் கார் ஓட்டினால்கூட அழுத்தும்.

“படத்துக்கு எதுக்குங்க பிரேக்கு?” என்பாள் மனைவி.

கால் இப்படி என்றால், வாய் அதற்கும் மேல். சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் கதைதான். அவரிடம் கற்றவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரிகிறதோ இல்லையோ, அவர் மகள் எந்த வங்கியில் வேலை பார்க்கிறாள், எந்த மாடியில் உட்காருகிறாள், மேனேஜர் அவளை என்ன சொல்லிப் பாராட்டினார் என்பதெல்லாம் அத்துப்படி.

அந்த மகள் போன மாதம் ஒரு பெட்டியோடு வந்து தன் பழைய அறைக்குள் போய்விட்டாள். லீவு என்றாள். கூடப் புருஷன் வரவில்லை.

“சண்டையா?”

“இல்லப்பா.”

“பின்ன?”

“ஒண்ணுமில்லப்பா.”

மாஸ்டர் காலையில் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார். சாத்திய கதவுக்கு வெளியே நின்றும் கேட்டார். கேட்கக் கேட்க அவள் பேச்சு சுருங்கி, கடைசியில் தட்டை அறைக்குள்ளேயே எடுத்துப்போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கெண்டை மீன் போட்டிக்கு மருமகனோடு ஜோடியாகப் பெயர் கொடுத்தது இதற்கெல்லாம் முந்தி. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் சனி, ஞாயிறு. பிடித்த மீனை எடைபோட்டு, உயிரோடு திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். ஆகப் பெரிய மீனுக்குக் கோப்பை. ஒருவர் தூண்டிலில் மாட்டியதை அவருடைய ஜோடிதான் கைவலையில் ஏந்தவேண்டும். வேறு யார் ஏந்தினாலும் செல்லாது. மருமகன் வரமாட்டான் என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். வருகிறேன் என்று சேதி வந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

“ரெண்டு நாள் ஒரே கரையில உட்காரணும். என்ன நடந்துச்சுன்னு சொல்லாம எங்க போயிடுவாரு?”

“மீன் பிடிக்கப் போறீங்களா, இல்ல அவரைப் பிடிக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி.

மருமகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அடுத்தவர் கண்ணுக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு தணிவாகப் பேசிப் பழகியவன். ஏரிக்கரையிலும் அப்படித்தான். சோள மாவை உருட்டினான், முள்ளைக் கூர்பார்த்தான், தூண்டிலை வீசிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

“தனியாவே சமைச்சுக்கிறீங்களா மாப்ள?”

“ஆமா மாமா.”

“என்ன சமைக்கிறீங்க?”

“ஏதோ மாமா.”

மாஸ்டர் சுற்றி வளைத்துக் கேட்டார், நேராகவும் கேட்டார். பொழுதுதான் போனது. பக்கத்துக் கரையில் இருந்த பேக்கரிக்காரர் குரல் கொடுத்தார்.

“கொஞ்சம் மெதுவா மாஸ்டர். உங்க பேச்சுக்குப் பயந்து மீனெல்லாம் என் பக்கம் வந்துடும்.”

“வரட்டும். உன் பன்னைத் தின்னா செத்து மேல மிதக்கும். நான் அப்படியே அள்ளிக்கிறேன்.”

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பெரிய மீன் மாட்டியது பேக்கரிக்காரருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, போட்டி முடிகிற ஊதலுக்குக் கொஞ்சம் முன்னால், சிலர் கூடாரத்தைப் பிரிக்கவும் தொடங்கியிருந்தபோது, மாஸ்டரின் தூண்டிலில், மீன் இழுத்தால் ஒலிக்கும் அலாரம் கத்தியது. கோலை எடுத்த கையிலேயே கனம் தெரிந்தது. பேக்கரிக்காரர் எழுந்து நின்று பார்த்தார். மீன் இடப்பக்கம் திரும்பி ஒரே ஓட்டமாகப் போய்ப் பாசிப் புதருக்குள் புகுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

மாஸ்டர் இழுத்தார். கோல் வளைந்தது. காலடியில் போட்டிருந்த ஈரப் பலகையை வலது கால் மிதித்துக்கொண்டிருந்தது.

“மாமா, இழுக்காதீங்க.”

“விட்டா போயிடும் மாப்ள.”

“இழுத்தாதான் போகும். ஒண்ணு, வாய் கிழியும். இல்ல, தூண்டில் நரம்பு அறுந்துடும். தளர்த்தி விடுங்க. யாரும் இழுக்கலன்னு தெரிஞ்சா அதுவா வெளிய வரும்.”

மாஸ்டருக்குத் தெரியாததல்ல, எத்தனையோ பேருக்கு அவரே சொன்னதுதான். தெரிந்ததைச் செய்யத்தான் கை வரவில்லை. கடைசியில் ரீலைத் திறந்துவிட்டுக் கோலைத் தாங்கியில் வைத்தார். விறைத்திருந்த நரம்பு, எழுதிப் பாதியில் விட்ட வரி மாதிரித் தண்ணீர்மேல் நெளிந்து படுத்தது.

இருவரும் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். மாஸ்டரிடம் கேட்பதற்குக் கேள்வி எதுவும் மிச்சமில்லை.

“தப்பு என்னுதுதான் மாமா,” என்றான் மருமகன், நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவ என்கிட்ட ஒண்ணு சொன்னா. நான் எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்கா அவளுக்கே போன் போட்டு ஆறுதல் சொல்லிட்டாங்க.”

“உடம்புக்கு ஏதாவதா?”

“அதெல்லாம் இல்ல. முக்கியமா உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னா. தெரிஞ்சா, உங்க கார்ல ஏறுறவங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும்னா.”

மகளின் அறைக்கதவு புருஷன்மேல் உள்ள கோபத்தில் சாத்தியிருப்பதாகத்தான் மாஸ்டர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். தனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அது சாத்தியிருந்தது.

“நீங்க இப்ப கேட்டா சொல்லிடுவேன் மாமா. மறைச்சு மறைச்சு என்னால முடியல.”

ஒரு வார்த்தை போதும். வந்ததே அதற்காகத்தான். மருமகனின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“வேண்டாம் மாப்ள. அவளா சொன்னா சொல்லட்டும்.”

நரம்பு லேசாக அசைந்தது. அப்புறம், யாரோ தயங்கித் தயங்கி வெளியே வருவதுபோல, பாசியை விட்டு விலகித் திறந்த தண்ணீரை நோக்கி நகர்ந்தது. மாஸ்டர் ஓசைப்படாமல் கோலை எடுத்தார். மருமகன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, முதல் தடவையிலேயே மீனை வலையில் ஏந்தினான். அதற்குப் பிறகுதான் ஊதல் சத்தம் வந்தது.

தராசில் பேக்கரிக்காரரின் மீனைவிடக் கொஞ்சம் குறைந்தது.

“பாசியோட சேர்த்து எடை போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க மாஸ்டர்,” என்றார் அவர்.

மாஸ்டர் சிரித்துவிட்டு மீனைத் தண்ணீரில் பிடித்து, அதுவாக வாலை அசைக்கும்வரை காத்திருந்து கையை எடுத்தார்.

மருமகன் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். தான் இறங்கவில்லை. மகளின் ஜன்னலை ஒருமுறை பார்த்தான்.

“போன் பண்ணிப் பாக்கவா மாமா?”

“இன்னைக்கு வேண்டாம்.”

மனைவி கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, ஈர வலையைப் போட்டு, மாஸ்டர் பாசியை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அறைக்கதவு திறந்தது.

“ஜெயிச்சீங்களா?”

“ரெண்டாவது. பேக்கரிக்காரன் இனிமே கோப்பையிலதான் டீ குடிப்பான்.”

அவள் சிரித்த மாதிரி இருந்தது. “அவர் ஏதாவது சொன்னாரா?”

“சொல்ல வந்தாரு. நான் வேண்டாம்னுட்டேன்.”

“நீங்களா?”

மாஸ்டர் அடுத்த பாசியை உருவினார். அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வலையின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். பாசி வாடை வீசியது. ஃபிரிட்ஜ் ஓடி நின்றது.

“நான் வேலையை விட்டுட்டேன்பா.”

ஏன், எப்போது, யாரைக் கேட்டு என்று கேள்விகள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. மேஜைக்கு அடியில் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்திருந்தது. மாஸ்டர் அதைத் தூக்கி இடது கால்மேல் போட்டுக்கொண்டார்.

“ம்,” என்றார்.

அவள் இன்னொரு பாசியை உருவிப் பேப்பரில் வைத்தாள். பிறகு மேலே சொல்லத் தொடங்கினாள்.