செருந்தி என்னும் பெயருக்கு இன்னொருத்தி

என் மகளுக்கு நான் செருந்தி என்று பெயரிட்டேன். எழுபதுகளின் முற்பகுதியில், டெல்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கடைநிலை எழுத்தன் செய்யத்தக்க காரியங்களில் அதுவே மிகத் துணிச்சலானது என்று அன்று கருதினேன். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. தமிழை நானே கற்றேன். நானே கற்றபடியால், சரியாகக் கற்றேனா என்று சொல்லவும் எவரும் இல்லை. அந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெயரின் தோற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குடியிருப்புக்கு மேல்மாடியில் இருந்த அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, அட்டை போன அகராதி ஒன்றை என்னிடம் கொடுத்துச் சென்றார். அதில் சகரத்துக்கு முன்னிருந்த பக்கங்களும் நகரத்துக்குப் பின்னிருந்த பக்கங்களும் கரையானுக்கு இரையாகியிருந்தன. ஆகவே என் மகளின் பெயர் அந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில்தான் கிடைத்தாக வேண்டும் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கேட்டவர்களிடமோ, தமிழ் முழுவதையும் சலித்தெடுத்த பெயர் என்றே கூறிவந்தேன்.

பொருளும் சொல்ல வேண்டுமல்லவா? செருந்தி என்பது பொன்னிறப் பூப்பூக்கும் ஒரு மரம். பழைய பாடல்களில் கடற்கரைச் சோலைகளில் அது பூத்து நிற்கும். அதே சொல்லுக்கு ஒருவகைக் கோரைப்புல் என்றும் அகராதியில் போட்டிருந்தது. அந்த வரியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. மரத்தையும் நான் கண்ணால் கண்டதில்லை. இதனால் பொருள் கேட்பவரைப் பொறுத்துப் பொருளும் சற்றே மாறிவந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் அது ஒரு தேவியின் திருநாமம் என்றேன். என் பிரிவு அதிகாரியிடம் ஒரு பாண்டிய அரசியின் பெயர் என்றேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக ஓர் அரசியை உண்டாக்கியதில் எனக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை.

பெயர் பரவிய வரலாறு மிகச் சுருக்கமானது. குடியிருப்பில் குழந்தை பிறந்த வீடுகளுக்கெல்லாம் நானே வலியச் சென்று ஐந்து பெயர்கள் எழுதிய தாளைக் கொடுத்தேன். எல்லாம் சகரம் முதல் நகரம் வரை. அவர்கள் நன்றி கூறி வாங்கிக்கொண்டு கவிதா என்றும் சுனிதா என்றும் வைத்தார்கள். குன்றின் மேலுள்ள முருகன் கோயிலில் அர்ச்சகர் ஒவ்வொரு முறையும் பெயரை இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் நட்சத்திரத்துக்குப் போவார். "இந்த மாநகரத்திலேயே வேறு யாருக்கும் இல்லாத பெயர்" என்று வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

மகளுக்கு ஏழு வயதானபோது, அந்தப் பூவைக் காட்டச் சொன்னாள். மே மாதம். சாலையோரத்தில் மஞ்சள் சரங்கள் தொங்கிய ஒரு மரத்தைக் காட்டி, இதுதான் என்றேன். ஆண்டுகள் கழித்து அவள் வகுப்பில் இதைச் சொல்ல, அது அமல்தாஸ் அல்லவா, டெல்லியில் எல்லாருக்கும் தெரிந்த மரமாயிற்றே என்று ஆசிரியை திருத்தியிருக்கிறார். நம் சரக்கொன்றைக்கு அங்கே அதுதான் பெயர். வகுப்பே சிரித்ததாம். இது எனக்குத் தெரியவந்தது அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு புதன்கிழமை மாலையில்.

அன்று பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்திருந்தாள். தேர்வு வாரியத்துக்குப் போகும் படிவம். அதில் எழுதும் பெயர்தான் ஆயுள் முழுதும் சான்றிதழ்களில் நிற்கும்.

"அப்பா, நான் பேர மாத்திக்கறேன். ஸ்வேதான்னு போடப்போறேன்."

நான் எழுந்து நின்றேன். முக்கியமானவற்றை நின்றுகொண்டு பேசுவது என் வழக்கம். பெயரின் தொன்மை, கடற்கரைச் சோலை, பொன்னிறம் எனத் தொடங்கி, "இந்த மாநகரில் உனக்கு மட்டுமே உள்ள பெயர்" என்று முடித்தேன்.

"அதானே ப்ராப்ளம்! எனக்குத் துணைக்கு ஒருத்திகூட இல்ல. அட்டென்டன்ஸ்ல என் பேர் வந்தா டீச்சர் நிறுத்திட்டு மூஞ்சியப் பாக்கறாங்க. மீனிங் கேட்டா அமல்தாஸப் போய்ச் சொல்லி பாகல் மாதிரி, பைத்தியமாட்டம் நின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருத்தி இருக்கான்னு காட்டுங்க. ஒரே ஒருத்தி. அப்புறம் நான் வாயே திறக்கல. திங்கக்கிழமை ஃபார்ம் குடுக்கணும்."

பதின்மூன்று ஆண்டுகளாக இப்படி இன்னொருத்தி இல்லை என்று நிறுவிவந்தவன் நான். இப்போது நான்கு நாட்களில் அவளைக் கண்டுபிடித்தாக வேண்டும். முதற்காரியமாக, படிவத்தை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பின்பு தேடத் தொடங்கினேன். அலுவலகத்தில் தமிழ் நண்பரிடம் கேட்டேன். "நீங்கதானே சார், வேற யாருக்கும் இல்லவே இல்லைன்னு கேண்டீன்ல அடிச்சுச் சொன்னீங்க?" என்றார். அர்ச்சகரிடம் கேட்டேன். "நீங்க ஒருத்தர்தான் இந்தப் பேரச் சொல்லி என் நாக்க சோதிக்கறேள்" என்றார். முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவரைப் போய்ப் பார்த்தேன். தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவர். "அது மரம் சார். மரத்தோட பேரப் போய்ப் பொண்ணுக்கு யாரு வெப்பாங்க?" என்று கேட்டார். நான் யார் என்று அவருக்குச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை சமையலறை வாசலில் நின்று, இனி வழியில்லை என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். உள்ளே எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜங்புராவில், நாலா என்னும் பெரிய சாக்கடைக் கால்வாயை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வருபவர். தேய்க்கும் சத்தம் நின்றது. இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொல்லிடு" என்றாள் என் மனைவி.

"சார் கோவிச்சுக்குவாரும்மா."

"கோவிச்சுக்கட்டும். அவசரம்."

அந்தப் பெண்மணி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "எஞ் சின்னப் பொண்ணு பேரு அதான் சார். அஞ்சு வயசாவுது."

"உனக்கும் நான் ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேனே?"

"குடுத்தீங்க சார். எங்க வூட்டுக்காரரு அதப் படிச்சுட்டு, இன்னா மருந்துச் சீட்டான்னு கேட்டாரு."

"பின்னே இந்தப் பெயரை ஏன் வைத்தாய்?"

"அம்மா உங்க பாப்பாவக் கூப்புடறத தெனம் கேக்கறேன்ல. கூப்புட நல்லாருந்துச்சு."

"பொருள் தெரியுமா?"

"பேருதானே சார்" என்றார், பொருள் என்று ஒன்று எதற்கு என்பது போல.

இந்த இடத்தில் நான் மகிழ்ந்ததாக எழுத விரும்புகிறேன். உண்மை அதுவன்று. எனக்குச் சுருக்கென்றது. என் மகளைக் காப்பாற்ற வந்த செய்தியைக் கேட்டுக்கொண்டு, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன்.

"நீங்க யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

ஞாயிறன்று மகளை அழைத்துக்கொண்டு பேருந்தில் சென்றேன். பொய் சொல்கிறேன் என்றே அவள் வழி நெடுக நம்பினாள். அமல்தாஸுக்குப் பிறகு அவளைக் குறை சொல்ல முடியாது. கேம்ப்பில் குழாயடியில் நாலைந்து சிறுமிகள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அந்தப் பெண்மணி குடிசை வாசலிலிருந்து, "ஏய் செருந்தி, இங்க வாடி!" என்று குரல் கொடுத்தார். என் பக்கத்தில் நின்ற மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதே சமயம் எண்ணெய் வைத்துத் தலையை இறுகப் பின்னிய சிறுமி ஒருத்தி ஆட்டத்தை விட்டு ஓடிவந்தாள்.

"இந்த அக்கா பேரும் செருந்திதான்" என்றார் தாய்.

"ஜூட்டு! பொய்யி! அது எம் பேரு."

"என் பேரும் அதான்" என்றாள் என் மகள்.

"நஹி. நீ வேற பேரு வெச்சுக்கோ."

மறுநாள் காலையில் அதையேதான் செய்வதாக இருந்தவள், இடுப்பில் கை வைத்தாள். "நான் ஏன் மாத்தணும்? எனக்குத்தான் ஃபர்ஸ்ட் வெச்சாங்க. என்னப் பாத்துதான் உனக்கு வெச்சாங்க. வேணும்னா உங்க அம்மாவக் கேளு."

சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் ஆமாம் என்று தலையசைத்தார். சிறுமி என் மகளை மேலும் கீழும் அளந்து பார்த்தாள்.

"அச்சா, நீயும் வெச்சுக்கோ" என்று அனுமதி கொடுத்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடற்கரைச் சோலையைப் பற்றி அந்தக் குழந்தைக்கும் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டதென்று கூட்டாளிகள் கூப்பிட, ஓடிவிட்டாள். என் மகள் தேநீர் குடிக்கவும் உட்காரவில்லை. கட்டம் போட்ட இடத்துக்குப் போய் நின்று, "செருந்தி, கோட்டை மிதிச்சுட்ட, அவுட்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். தேவை இல்லாதபோதும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்தாள்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. கையை நீட்டினாள். "ஃபார்ம் உங்க பாக்கெட்லதான் இருக்குன்னு தெரியும். குடுங்க. பேனாவும்."

நான்காக மடித்து, வியர்வையில் சற்று நைந்திருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். "பொருள் கேட்டால் என்ன சொல்வாய்? வேண்டுமானால் நான் பள்ளிக்கு வந்து..."

"ஒரு பூன்னு சொல்லிப்பேன். நீங்க வராதீங்க, ப்ளீஸ்."

எழுத மடியில் அட்டை எதுவும் இல்லை. தாளை என் முழங்காலின் மேல் வைத்தாள். பேருந்து குலுங்கியபோது அது நழுவாமல் இரு ஓரங்களிலும் பிடித்துக்கொண்டேன். அவள் கடைசி எழுத்தை எழுதி முடிக்கும் வரை நான் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு எளிதாக இருக்கவில்லை.