பாவம் என்று சொல்லக் கூடாத வீடு

கை குலுக்கும்போதே ஜெயகுமாரி அக்காவின் பார்வை நம் முழங்கை மடிப்புக்குப் போய்விடும். முதன்முதலில் தேவாலய வாசலில் என்னைப் பார்த்தபோது, "ஒனக்கு நல்ல நரம்பு" என்றார். என் அழகைப் பற்றிக்கூட யாரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. என் கணவருக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கே அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் நகரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அக்காவின் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை. ஊசியைக் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி கேட்பார். அமெரிக்கர்களிடம் நாய்க்குட்டியின் பெயர், நம்மவர்களிடம் நேற்று வைத்த குழம்பு. பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்து ஒட்டி முடித்திருப்பார்.

அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அங்கே யாரும் 'பாவம்' என்று சொல்லக் கூடாது. அவருடைய ஒரே மகள் ஜெபினா, அமெரிக்க ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவள். நாலு வருடங்களுக்கு முன்பு வெள்ளத்தில் மீட்பு வேலைக்குப் போன இடத்தில், இரண்டு குழந்தைகளைப் படகில் ஏற்றிவிட்டுத் தண்ணீரோடு போய்விட்டாள். வயது இருபத்துமூன்று. துக்கம் கேட்க வந்த ஒரு பெண்மணி, "பாவம், சின்னப் பிள்ளை" என்று ஆரம்பித்ததும் அக்கா நிறுத்திவிட்டார்.

"பாவம்னு சொல்லாதிய. அவ வேலை பாத்துட்டு இருந்தா."

மற்றபடி மகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். ஊராருக்கெல்லாம் மருந்து கொடுத்த ஜெபினாவுக்கு மாத்திரை விழுங்க வராது. தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் பாளையங்கோட்டைத் தமிழில் பொரிந்து தள்ளுவாள். இதையெல்லாம் சொல்லும்போது அக்கா சிரிப்பார். நமக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாது.

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை இங்கே உயிர்விட்ட வீரர்களை நினைக்கும் நாள். நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் வாழ்த்து அனுப்பியே ஆக வேண்டும். பலூனும் வாணவேடிக்கையுமாக 'ஹேப்பி மெமோரியல் டே' கைப்பேசிகளில் பறக்கும். அக்காவுக்கு முதல் ஆளாக அனுப்புபவர் எங்கள் தெருவின் நாகலக்ஷ்மி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா பதிலுக்கு ஜெபினாவின் படம் ஒன்றை அனுப்புவார், சீருடையோடு பரோட்டா பிய்ப்பது போல ஏதாவது. நாகலக்ஷ்மி அதற்கு ஒரு இதயம் போடுவார். அடுத்த வருடம் மறுபடியும் பலூன் வரும்.

இந்த ஜூன் மாதம் நாகலக்ஷ்மி அக்கா வீட்டுக்கு நேரிலேயே வந்தார், அழுதுகொண்டு. கல்லூரி முடித்த மகள் வான்மதி ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

"நீங்க சொன்னா கேப்பா, அக்கா. ஜெபினாவுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அக்கா சரி என்றார். மறுநாள் வான்மதியை உட்காரவைத்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக வந்தது, உடல் எங்கே கிடைத்தது என்பது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, இன்னும் போக ஆசையா என்று கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐ ஸ்டில் வான்ட் டு கோ, ஆன்ட்டி" என்றாள். அக்கா அவளுக்குச் சோறு போட்டார். அன்றோடு நாகலக்ஷ்மி அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வான்மதி கிளம்பும் காலையில் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நாகலக்ஷ்மி வீட்டுக்குப் போனார். அப்பா வெங்கடகிருஷ்ணன் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாசலில் நின்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மாடி அறையை விட்டு வரவில்லை. அக்கா நேரே மேலே போனார், கதவைத் தட்டவில்லை. நானும் பின்னாலேயே போனேன். நாகலக்ஷ்மி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஜெபினா லீவுல வந்தப்ப, பட்டாளத்துல இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தா. நானும் போகாதட்டின்னு சண்டை போட்டேன். கேக்கல. கெளம்பையில வாசல்ல நின்னு, போயிட்டு வாரேம்மான்னு கத்துனா. நான் அடுக்களைய விட்டு வரல. காதுல விழாத மாதிரி குழாயத் தொறந்து விட்டுட்டேன்."

இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கேள்விப்படாதது அது. சொல்லும்போது அக்காவின் குரல் மாறவே இல்லை.

"கோவத்தையெல்லாம் வான்மதி போன பெறவு வச்சுக்கிடுங்க. இப்ப எந்திரிங்க."

நாகலக்ஷ்மி எழுந்தார். படியில் இறங்கும்போதே அழுகை வந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொண்டு, திட்டி, நெற்றியில் திருநீறு பூசி, மறுபடியும் திட்டினார். வான்மதி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினாள். நாங்கள் மூவரும் வாசலில் நின்று கையசைத்தோம்.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. நாகலக்ஷ்மி கையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் இறக்கிவிட்டேன். காலியான தெருவைப் பார்த்து அக்கா இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.