தொரையின் லீக்ஸ் பாத்தி

பெருந்தொற்றுக் காலத்தில் மரக்கறிப் பயிர் செய்தவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த லீக்ஸ் பாத்திகளுக்கும் கொடுத்தது. வாங்கியவர் தேயிலைத் தோட்டத்து நிர்வாகி, நாங்கள் தொரை என்று சொல்லும் மனிதர். அவர் லீக்ஸைத் தொட்டது சூப்புக் கோப்பையில் மட்டுமாகத்தான் இருக்கும்.

டயகமப் பக்கத்தில் அந்தப் பாத்திகளைப் பதினெட்டு வருடம் கொத்தியவர் என் கணவர். காலைப் பெரட்டு வரிசையில் நின்று பேர் கொடுத்து, மலையில் வேலை முடித்து, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் கொத்துவார். ஊரடங்கில் லொறிகள் வரவில்லை. லீக்ஸ் நின்ற இடத்திலேயே அழுகியது. நான் படிப்பித்த பாலர் பாடசாலையும் மூடிக் கிடந்தது. மகள் உயர்தர வகுப்பில் இருந்தாள். அடுத்த போகத்துக்கு உருளை போட விதைக்கிழங்கு வாங்க முடியாவிட்டால் அவள் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கார்மென்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான். அது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நிவாரணத்துக்கு விபரம் எழுத ஒரு உத்தியோகத்தர் வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது. சப்பாத்தில் சேறு படக்கூடாதென்று பாதையிலேயே நின்று, காணி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். கணவருக்குக் கடைச் சிங்களம்தான் வரும். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"காணி யாருதுன்னு கேக்குறாரு."

"இதென்ன கேள்வி? தோட்டத்துக் காணிதானே. தொரையோடதுன்னு சொல்லு."

சொன்னேன். சுத்தமான சிங்களத்தில், ஒரு சொல் பிசகாமல். அவர் எழுதிக்கொண்டு போனார். பயிர் யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். குடியிருக்கிற காம்பரா தொரையோடது, குடிக்கிற பீலித் தண்ணி தொரையோடது. கோழிக்கூடு வைக்கக்கூட ஆபிஸில் கேட்டுவிட்டு வைத்தவர்கள் நாங்கள். வேறு எவனாக இருந்தாலும் "என்னோடது" என்று துணிந்து சொல்லியிருப்பான்.

நிவாரணப் பட்டியல் வந்தபோது கணவர் தோட்டத்து ஆபிஸுக்குப் போனார். நானும் போனேன்.

"ஐயா, நம்ம பேரு இல்லைங்களே."

பெரிய கிளாக்கர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தொரையோட காணின்னு நீதானப்பா சொன்னே. இப்ப தொரை பொய் சொல்லணுங்கிறியா?"

"லீக்ஸ் நான் போட்டதுங்க."

"எப்ப போட்டே, வேலை நேரத்துலயா?"

வராந்தாவில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணவரும் சேர்ந்து சிரித்தார். கிளாக்கரின் கேலியைப் பொறுத்துக்கொண்டேன். இந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மொழியிலும் மனு எழுதி அனுப்பினேன். காணி உறுதிப் பத்திரத்துடன் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. ஒற்றைக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கிறவர்களிடம் உறுதி கேட்ட அந்த மூளையை என்னவென்று சொல்வது? அதற்குள் தொரை படம் பிடிக்க ஆளோடு எங்கள் பாத்திக்கு வந்து போயிருந்தார். எங்கள் லீக்ஸ் அழுகிவிட்டதால், கடையில் வாங்கிய ஒரு கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டின் ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றவில்லை.

விதைக்கிழங்கு வாங்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் மகளைக் கொட்டகலையில் பஸ் ஏற்றிவிட்டேன். அவளோடு படித்தவர்கள் பரீட்சை எழுதிய வாரம் அவள் சட்டைகளுக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தால் இன்றைக்கும் ஓடிப்போய் எடுப்பேன். சாப்பிட்டாயா, காய்ச்சலா, ஏன் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்படி ஒரு நாள், பரீட்சையைத் தனியாக எழுதிப் பார்க்கலாமே என்றேன். அதை விட்டுவிட்டு அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா சொன்னத ஏம்மா அப்படியே சொன்னீங்க?"

"கேட்டதுக்கு அதுதானே பதிலு."

"அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்ல."

ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.