குமிழிக்கு ஓர் அடி

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. கத்திரி வெயில் கழிந்தும் வெப்பம் தணியவில்லை. ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் காலையிலேயே கொதித்தன. கார்களுக்கு பிரேக் குழாய் செய்யும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில், ஏற்றுமதியாகித் திரும்பி வந்த பெட்டிகளை அன்று பிரித்தார்கள். குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தியதும் குமிழிகள் எழுந்தன. பற்றவைத்த இடங்கள் ஒழுகின. ஒழுகும் குழாய்கள் நல்ல குழாய்களுக்கான பெட்டிக்குள் எப்படிப் போயின என்பது தெரியாவிட்டால், ஒப்பந்தத்தோடு மேற்பார்வையாளரின் வேலையும் போய்விடும் என்று தர மேலாளர் ஷோபா சொல்லிவிட்டார்.

அந்த மேற்பார்வையாளர் நாகலாபுரத்துத் தணிகாசலம். இளமையில் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் தொழில் கற்றவர். யாராவது பிழை செய்தால் முதலாளி கையில் கிடைத்ததை எறிவார். ஒருமுறை ஸ்பானர் தணிகாசலத்தின் இடப்புருவத்தைப் பிளந்தது. அதன்பின் அந்தப் பிழையைத் தாம் செய்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

இந்த நிறுவனத்தின் விதி வேறு. பழுதான குழாயைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும்; போட்டவரைக் கடிந்துகொள்ளக் கூடாது; பழுதின் காரணத்தை மட்டுமே ஆராய வேண்டும். தணிகாசலம் அந்த விதியைச் சுவரில் ஒட்டினார். ஆனால், குமிழி கண்ட குழாயாலேயே அதைப் பற்றவைத்தவரின் முதுகில் ஓங்கி அடித்தார். பலருக்குத் தோல் கிழிந்தது. ஒருவருக்கு விரல் நசுங்கியது. ஆறே மாதத்தில் சிவப்புப் பெட்டி காலியாயிற்று. ஆர்டர்கள் இரட்டித்தன. வெளிநாட்டிலிருந்து வந்த இயக்குநர், தம் முறையே வென்றதென எண்ணி, தணிகாசலத்துக்குச் சால்வை போர்த்தினார்.

திரும்பி வந்த குழாய்களில், பற்றவைக்கும் தொழிலாளி சித்தூர் இஸ்ரேலின் முத்திரை இருந்தது. இஸ்ரேலின் மனைவி கேசியாவின் பிரசவத்துக்கு இரத்தம் கொடுத்தவரும் இதே தணிகாசலம்தான். அவர் இஸ்ரேலைக் கிடங்கின் பின்புறம் இழுத்துச் சென்று, சுவரில் சாய்த்துக் குழாயால் விளாசினார். காது பிளந்து சட்டை நனைந்தது.

“நல்ல பொட்டில நீதான போட்ட?”

“நான்தாண்ணே. செவப்புல போட்டா அடிக்கிற. போடாம இருந்தா, அன்னிக்காவது முதுகு வலிக்காம துன்னுட்டுப் படுக்கலாமேன்னு போட்டேன்.”

“பிரேக்கு புடிக்காம எவனாவது செத்தா இன்னாடா பண்ணுவ?”

“அத உன் கையக் கேளு.”

தணிகாசலத்தின் அடுத்த அடி இஸ்ரேலின் தாடையில் விழுந்தது. ஓசை கேட்டுத் தொழிலாளர்கள் ஓடிவந்தார்கள்; ஆனால் ஒருவரும் விலக்கவில்லை. இருவர் தணிகாசலத்தின் தோள்களை அழுத்தி மண்டியிட வைத்தார்கள். மூன்றாமவர் அவருடைய வலக்கையை இழுத்துக் கல்லின்மேல் வைத்தார். இஸ்ரேல் அந்தக் குழாயைப் பிடுங்கி மணிக்கட்டின்மேல் இறக்கினார். எலும்பு முறிந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. மறுபடியும் இறக்கினார். மூன்றாம் அடி வாயில் விழுந்தது. பற்களோடு இரத்தம் நுரைத்து வழிந்தது.

“குமிழி வருது, ரிஜெக்ட்” என்றார் கூட்டத்தில் நின்ற தொழிலாளி கங்கையா. ஒருவரும் சிரிக்கவில்லை. காவலாளிகள் வந்தபின்பே இஸ்ரேலின் கை ஓய்ந்தது.

இஸ்ரேல் கைதானார். தொழிலாளர்கள் தங்கள் முதுகுகளைத் திறந்து காட்டி, நல்ல பெட்டியில் மறைத்த மற்ற குழாய்களையும் ஷோபாவிடம் ஒப்புக்கொண்டார்கள். பழுது மறைக்கப்படாது என்று உறுதி கூறினால் ஒப்பந்தம் நீடிக்கும் என்று வாங்குபவர்கள் இறங்கிவந்தார்கள். பற்றவைப்பில் தணிகாசலத்துக்கு நிகரான கை அங்கே இல்லாததால், நிர்வாகம் அவரை இழக்கவும் விரும்பவில்லை.

மாதம் ஒன்று கழிந்து, மாவுக்கட்டோடு விசாரணைக்கு வந்தவரை ஷோபா உட்காரச் சொன்னார். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்தே வேலை நிலைக்கும் என்பதை முன்னதாகவே விளக்கினார். நாளைக்கு ஒரு தொழிலாளி ஒழுகும் குழாயை எடுத்துவந்து நீட்டினால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார்.

தணிகாசலம் மாவுக்கட்டுக் கையை மேசைமேல் வைத்தார்.

“அடிச்சிடுவேங்க, மேடம்.”