எலுமிச்சை விளக்கு போட்ட கை

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு போட்டால் கல்யாணத் தடை விலகுமாம். என்னைப் பெண் பார்த்துப் போனவர்கள் யாரும் பதில் சொல்லாததால் அம்மா அங்கே இழுத்துப் போனாள். எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே!

பழத்தை இரண்டாக நறுக்கிப் பிழிந்து, மூடியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நெய் ஊற்றித் திரி போட வேண்டும். திருப்பும்போது தோலிலிருந்து எண்ணெய் கையில் பீச்சியடிக்கும். கழுவப் போனேன்.

“கழுவாத கண்ணு. கையில நல்லா தேச்சுக்க, நெறம் வரும். ஞாயித்துக்கெழம பாக்க வராங்க இல்ல?” என்றாள் அம்மா.

முழங்கைவரை தேய்த்துக்கொண்டு, உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.

சனிக்கிழமை எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை கையெல்லாம் கொப்புளம். காபியை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா கையைத்தான் பார்த்தார்.

“என்னங்க இது? ஒட்டுவாரொட்டியா?”

“ஐயோ, எண்ணெ தெறிச்சிருச்சுங்க” என்றாள் அம்மா. வூட்டுக்குப் போய் போன் பண்றோம் என்று கிளம்பினார்கள். டம்ளரில் பாதிக் காபி அப்படியே இருந்தது.

அரூரில் தோல் மருத்துவர் கையைப் பார்த்ததுமே, “எலுமிச்சை பிழிஞ்சிட்டு வெயில்ல நின்னீங்களா?” என்று கேட்டார். எலுமிச்சைத் தோலில் சோரலென் வகைப் பொருள்கள் இருக்கின்றனவாம். பூச்சி, பூஞ்சையிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மரம் வைத்திருப்பது. நம் தோலில் பட்டு வெயிலும் சேர்ந்தால் சுட்டுவிடும், பிறகு கறுத்துப்போகும். கறுக்கவைக்கும் குணம் இருப்பதால் இந்த வகையை வெண்புள்ளிக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்களாம். நிறம் வருவதற்குத் தேய்த்த எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தழும்பு மறைய மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், அப்பாடா, விளக்கு ஒழிந்தது, தழும்பு மறையும்வரை யாரும் பார்க்கவும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது அம்மா கூடையில் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் சொன்னது காதுல விழலையாம்மா?”

“விழுந்துச்சு. அதனாலதான் இனி நானே போடறேன். என் கைய யாரு பொண்ணு பாக்க வராங்க?”

எனக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒரு பெரிய சோப்பைக் கூடையில் போட்டுவிட்டு, நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.