மூன்று நாற்பத்திரண்டு

பிளஸ் டூ முடித்ததும் வேலையும் கொடுத்து, டிகிரியும் படிக்க வைக்கும் திட்டம் ஒன்றில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. அப்பா பூ மார்க்கெட்டில் ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிட்டார். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் மட்டும் “கம்ப்யூட்டர்” என்று நிறுத்திக்கொண்டார். எனக்கே அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

மற்ற கம்பெனிகளின் கணினிகளைத் தணிக்கை செய்வது எங்கள் பிரிவின் தொழில். அதில் என் பங்கு, வேலையை விட்டுப் போனவர்களின் லாகின் மூடப்பட்டதா என்று பார்ப்பது. பெயரைத் தேடி, ‘மூடப்பட்டது’ என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எக்செல்லில் பாஸ் போட வேண்டும். படத்தின் கீழ் மூலையில் தேதியும் மணியும் தெரிய வேண்டும். மணி இல்லாத படம் செல்லாது.

முதல் வாரம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வைத்துப் பார்த்தேன். ஏன் போனார்கள், இப்போது எங்கே இருப்பார்கள் என்று. ஒரே மாதத்தில் அது விட்டுப்போனது. சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு. திங்கட்கிழமை மறுபடியும் பெயர்கள். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டால் “ம்” என்பேன். அதற்குள் ஒன்றும் இருக்காது.

என்னோடு சேர்ந்தவள் சிவகிரிக்காரி. வீட்டிலிருந்தேதான் வேலை, ஆனால் அவள் வீட்டில் நெட் நிற்காது. அதனால் தினமும் பஸ் ஏறி ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடுவாள். ஒரே மேஜை, எதிரெதிரே இரண்டு லேப்டாப். அவளுடைய அக்காவைக் காலேஜுக்கே அனுப்பாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கம்பெனி ஃபீஸ் கட்டுகிறது என்பதால்தான் இவளை விட்டு வைத்திருந்தார்கள். “வேலை போச்சுன்னா படிப்பு போச்சு. படிப்பு போச்சுன்னா மாப்பிள்ளதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று கம்பெனிக்கு லீவு கிடையாது. சென்னைக்காரர்களுக்குத் தபசைப் பற்றி என்ன தெரியும்? ஒரு கம்பெனி தன் கணினிக்குள் எங்களை அந்த ஒரு நாள்தான் விட்டிருந்தது. அவள் தேட வேண்டியது இருபத்தைந்து பெயர்கள், எனக்குத் தனிப் பட்டியல். அதிலும் என் லேப்டாப் காலையிலிருந்து அப்டேட்டில் கிடந்தது.

மத்தியானம் அவள் பையைத் தூக்கினாள். “ஏட்டி, சாயந்திரம் பஸ்ஸ எல்லாம் மாத்தி விட்டுருவான். நான் இப்பவே கெளம்புதேன். இத மட்டும் என் லேப்டாப்புல முடிச்சு வச்சிரு.” பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டுப் போனாள். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி. சொன்னது தெரிந்தால் சொன்னவரும் கேட்டவரும் வெளியே.

கீழே அம்மா கிளம்பச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். மளமளவென்று இருபத்தைந்தையும் எடுத்து முடித்துவிட்டுக் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் முதல் படத்தில் மட்டும்தான் மணி இருந்தது. மற்றவற்றில் திரையின் அடிப்பகுதியை விட்டுவிட்டேன். திரும்ப எடுக்க வழியில்லை. முதல் படத்திலிருந்து மணியை வெட்டி, மற்ற இருபத்துநாலிலும் ஒட்டினேன். மூன்று நாற்பத்திரண்டு. தப்பு செய்கிறோம் என்று ஒரு துளிகூட உறைக்கவில்லை. பெயர் தேடுவதுபோல் அதையும் செய்தேன். அவள் வந்ததும் “முடிச்சாச்சு” என்றேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் வீடியோ காலில் கூப்பிட்டார்.

“இருபத்தஞ்சு பேரையும் ஒரே நிமிஷத்துல எப்படிம்மா தேடினீங்க?” என்று அவளிடம் கேட்டார். “ஃபைல் உங்க பேர்ல இருக்கு. நீங்கதானே பண்ணீங்க?”

அவள் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். என் மைக் மியூட்டில் இருந்தது. உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டு விஷயமும் வரும், இரண்டு பேருமே போவோம், அதனால்தான் பேசவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நேரத்தில் நான் எதையுமே நினைக்கவில்லை. மியூட் சின்னத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஆமா மேம், நான்தான்” என்றாள்.

கால் முடிந்ததும் லேப்டாப்பை மூடினாள். “என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா” என்றாள். அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அடுத்த வாரம் அவள் லேப்டாப் கூரியரில் சென்னைக்குப் போனது. டிகிரி நாலாவது செமஸ்டரோடு நின்றது.

போன மாதம் எங்கள் டீமையே தணிக்கைக்கு எடுத்தார்கள். விலகிப் போனவர்களின் லாகின் மூடப்பட்டதற்கு ஆதாரம் கேட்டார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது. பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

தேடினேன். ‘மூடப்பட்டது’ என்று வந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒரு பெயருக்குப் பின்னால் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்வி. வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். மணி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பாஸ் போட்டேன்.