அம்மா விட்டுக்கொடுக்காத பலகைத் தளம்

இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரைப் பொறுமையின் வடிவம் என்றும் அதிர்ந்து பேசாதவர் என்றும் எழுதுவது வழக்கம். எங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் நீங்களே சிரிப்பீர்கள். அம்மா அதிர்ந்துதான் பேசுவார். அவரிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் நம் உறவில் குறைவு. அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர் இருந்தபடியே அவரை எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் அம்மா பிறந்தார். மழை இல்லாத வருடங்களில் களையெடுப்பும் இல்லை, பருத்தி எடுப்பும் இல்லை. அந்த வருடங்களில் வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஒட்டினார்கள். அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. விஸ்வநத்தத்தில் மரவேலை செய்துவந்த எங்கள் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினார்.

விருதுநகரில் பருத்தி மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை இடித்தபோது, அதன் தேக்குப் பலகைகளை அப்பா வாங்கி வந்தார். எங்கள் வீட்டு மாடி அறைக்கு முன்னால், தெருவுக்கு மேலாக நீட்டி, அவற்றால் ஒரு திறந்த தளம் அமைத்தார். மேலே கூரை கிடையாது. சுற்றிலும் இடுப்பளவு கம்பிதான். அதில் உட்கார்ந்தால் பேருந்து நிறுத்தம் வரை தெரியும். அங்கிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவரும் தெரிவார். ஊரில் எங்கள் வீட்டுக்குப் ‘பலகை மாடி வீடு’ என்றே பெயர்.

நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா கம்பெனிக்கும் அடுப்படிக்குமாக ஓடினார். தளத்தைக் கவனிக்க ஆளில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து பலகைகள் சாம்பல் நிறமாயின. சந்துகளில் மண் அடைந்து பாசி பிடித்தது. ஆணிகள் துருவேறித் தலை தூக்கின. நாங்கள் அங்கே துணி காயப்போடுவதோடு சரி.

நான் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம், தீபாவளி சீசன் மும்முரத்தில், அம்மா வேலை பார்த்த கம்பெனியில் பட்டாசு மருந்து வெடித்தது. அம்மா காயமில்லாமல் வெளியே வந்துவிட்டார். பக்கத்து அறையில் வேலை பார்த்த பேச்சியம்மாள் அத்தை வரவில்லை என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே போனார். அத்தையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போது அடுத்த அறையும் வெடித்தது. அத்தைக்குக் காலில் காயம். அம்மாவுக்கு முகமும் கழுத்தும் வலது கையும் வெந்துபோயின. அன்று அந்தக் கம்பெனியிலிருந்து வீடு திரும்பாதவர்களும் உண்டு. அவர்களை அம்மா கடைசிவரை பெயர் சொல்லி நினைத்துக்கொண்டிருந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தபோது, உறவுக்காரர்கள் நல்லெண்ணத்தில் வீட்டிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சுவரில் அது மாட்டியிருந்த இடத்தைப் பார்த்த அம்மா, “அதை எடுத்துட்டு வா” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். ஒரு பக்கக் கண்ணிமை இழுத்துக்கொண்டிருந்தது. உதடு ஒரு ஓரமாகக் கோணியிருந்தது. “சரி, நாந்தானே” என்று சொல்லிவிட்டு, அவரே அதைப் பழைய ஆணியில் மாட்டினார்.

சில வாரங்களில் எங்கள் தாய்மாமா ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகைத் தளத்தைப் பிரித்துவிட்டு முன்பக்கம் சுவர் எழுப்பிவிடலாம் என்றார்.

“பலகையெல்லாம் இத்துப்போச்சும்மா. ஆளு விழுந்துரும்.”

“எந்தப் பலகைண்ணே? காட்டுங்க.”

மாமா ஒன்றிரண்டைக் காட்டினார். மற்றவை கல் மாதிரி இருந்தன. பிறகு உண்மையைச் சொன்னார். “நீ பாட்டுக்கு அங்கன வந்து நின்னா தெருவே அண்ணாந்து பாக்கும். ஒனக்குத்தாம்மா சங்கடம்.”

“பலகை இத்துப்போச்சுன்னு பிரிக்கச் சொல்றீகளா, எம் மூஞ்சி வெந்துபோச்சுன்னு பிரிக்கச் சொல்றீகளாண்ணே?”

கொத்தனார் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே அம்மா துடைப்பத்தோடு மேலே ஏறினார். வெயில் முகத்தில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார். சந்துகளில் இறுகிப்போன மண்ணைப் பழைய கத்தியால் நோண்டி எடுத்தார். சோடா உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, தேங்காய் நார் பிரஷால் தேய்த்தார். வலது கை விரல்கள் ஒட்டிப்போயிருந்ததால் பிரஷைப் பிடிக்க முடியாது. அதைத் துணியால் கையோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்வார். கட்டும்போது எனக்குக் கண் கலங்கும். “அழுகிறதா இருந்தா கீழ போ. முடிச்சு லூசாப் போகுது” என்பார்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நாள் கூட்டமாகவே நின்றுவிட்டார்கள். அம்மா கம்பியோரம் வந்து முகத்தை முழுதாகக் காட்டினார். “என்ன, நல்லாப் பாத்தாச்சா? பாத்தாச்சுன்னா ஆளுக்கொரு கொடம் தண்ணி மேல ஏத்திக் குடுங்க.” பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் உண்மையாகவே தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் பேச்சியம்மாள் அத்தையும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். படியேறி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க அந்தப் பக்கம் தேயுங்க மதினி, நான் இந்தப் பக்கம் தேய்க்கேன்” என்றார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. இத்துப்போன பலகைகளை மட்டும் தச்சரை வைத்து மாற்றினோம். மேல்பக்கம் அரித்திருந்த சிலவற்றைப் புரட்டிப் போட்டு அடித்தோம். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சாம்பல் நிறம் போய்த் தேக்கின் பழுப்பு வெளியே வந்தபோது, அம்மா இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பாருங்க, அம்புட்டும் உசுரோடதான் இருக்கு” என்றார்.

கடைசியாக லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் பூசினோம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குவித்துவைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அம்மா ஒவ்வொரு துணியையும் தண்ணீரில் முக்கிக் கொடியில் விரித்துப் போட்டார். கடைசித் துணியை விரிக்கும்வரை யாரையும் சாப்பிடப் போகவிடவில்லை.

அடுத்த ஆண்டு சாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமா முன்கூட்டியே வந்து, “அவுக வர்ற ஒரு நா மட்டும் நீ உள்ள இரும்மா. மத்ததை ஒன் மதினி பாத்துக்கிடுவா” என்றார். அவர்கள் வந்த நாளன்று மாலை அம்மா பலகைத் தளத்தில் பாய் விரித்து, தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்று மேலே கூட்டிப்போனார்.

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் தாயார் பேசினார். “பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். தாம்பூலம் மாத்தயிலயும் மணவறையிலயும் பொண்ணோட மாமனும் மாமன் பொண்டாட்டியும் நின்னா நல்லாருக்கும். வீடியோல்லாம் எடுப்பாக பாருங்க.”

அம்மா கேட்டார்: “ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வெடி போடுவீகளா?”

“போடாம இருப்பமா?”

“அந்த வெடியைச் செஞ்ச மூஞ்சி இது. வெடி வேணும், மூஞ்சி வேண்டாமா?”

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒன் வீறாப்புக்குப் பிள்ளை வாழ்க்கையப் பலி குடுக்காத” என்று கத்திவிட்டுப் போனார். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே அம்மா, “அவனைப் பிடிச்சிருந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஒனக்கேத்தவனா இருந்தா, எந்திரிக்கையில ஒரு வார்த்தையாவது பேசியிருப்பான்ல” என்றார். மீதமிருந்த கேசரியை இருவருமாகச் சாப்பிட்டோம்.

அதன்பின் அம்மா அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போனார். எங்கே வெடி விபத்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், காயம்பட்ட பெண்கள் முன்னால் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் வீடு திரும்பியதும் வலியப் போய்க் கூட்டிவருவார். நாரணாபுரத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மாலை நேரங்களில் எங்கள் தளம் நிறைந்திருக்கும். தழும்பை மறைத்துப் போட்டு வரும் முக்காட்டை எடுக்கச் சொல்லி அம்மா யாரையும் வற்புறுத்தியதில்லை. கம்பியோரம் இடம் ஒதுக்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். கம்பெனியில் ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆட்களை உட்காரவைத்தால் எல்லோருமாக எழுந்து வெளியே வந்துவிடுவது என்று பெண்கள் பேசி முடிவெடுத்ததும் அங்கேதான். மறு வாரமே அப்படி எழுந்தும் வந்தார்கள். ஒரு கம்பெனிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “எதுக்கும்மா பொம்பளைகளைக் கூட்டி வச்சுத் தூண்டிவிடுறீங்க?” என்று கேட்டார். “மேல வந்து கேளுங்க, அவுகளே சொல்லுவாக” என்றார் அம்மா. அவர் மேலே வரவில்லை.

என் அச்சகத்தில் உடன் வேலை பார்த்தவரை நான் மணந்தேன். நிச்சயதார்த்தம் அந்தத் தளத்தில்தான் நடந்தது. தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் என் மாமியார் தானாகவே அம்மாவின் முன் வந்து நின்றார். அதுவரை எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத மாமா, தெருவில் எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா எட்டிப் பார்த்து, “ஏறி வாங்கண்ணே, பலகை தாங்கும்” என்றார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மூச்சு வாங்கும். படியேற முடியாமல் போனபின், என் கணவரும் மாமாவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மேலே வைப்பார்கள். ஒரு நாள் காலை, அங்கே காபியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சியம்மாள் அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் உயிர் பிரிந்தது.

இந்த மலரின் அட்டைக்கு அம்மாவின் கல்யாணப் படத்தைப் போடலாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். இனி அந்தத் தளம் எதற்கு, கான்கிரீட் போட்டு வாடகைக்கு விடலாமே என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் அம்மா சார்பில் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இருப்பதுதான் எங்கள் அம்மாவின் முகம். பலகைத் தளம் பிரிக்கப்படாது. இந்த ஐப்பசி மழைக்கு முன்பும் கழுவி, தேய்த்து, எண்ணெய் பூசியாயிற்று.

அம்மாவின் புண்ணைக் கழுவிக் கட்டிய செவிலியர்களுக்கும், தண்ணீர்க் குடம் சுமந்த தெருக்காரர்களுக்கும், தவறாமல் வந்த பேச்சியம்மாள் அத்தைக்கும், நாற்காலி தூக்கிய எங்கள் மாமாவுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இந்த ஆண்டு எங்களோடு உட்கார்ந்து பலகை தேய்த்த பெண்களுக்கும் நன்றி. அவர்களில் ஒருவர் அண்மையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். முக்காட்டோடு வந்து, சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். பாதி வேலையில் முக்காடு சரிந்து சரிந்து கைக்கு இடைஞ்சலாக விழுந்தது. “சீ, இது வேற” என்று அதை உருவிக் கம்பியில் போட்டுவிட்டு, “அக்கா, அந்த உப்புத்தாளை இங்கன தள்ளுங்க” என்றார்.

— மகள்